மூன்றாம் பக்கத்துக்கு வழிந்த வினாத்தாள்

தவணைப் பரீட்சை நெருங்கும் நாட்களில் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ ஒரு கொமியூனிகேஷன் கடை வாசலில் அரை மணித்தியாலம் நின்றால் போதும், இந்தப் பேச்சு காதில் விழும். "தம்பி, நான் ரெண்டு பக்கத்துக்குத்தானே அடிச்சேன், இது என்ன மூணாவது பக்கம் வருது?" "சேர், நான் ஒண்ணும் கை வைக்கல. உங்க பைலே அப்பிடித்தான் இருக்கு." ஆசிரியர் பையனைச் சந்தேகிப்பார், பையன் ஆசிரியரின் பென் டிரைவைச் சந்தேகிப்பான். இரண்டு பேர் மீதும் பிழை இல்லை. ஆனால் இரண்டு பக்கம் என்பது முன்னும் பின்னும் அடித்த ஒரே தாள். மூன்றாம் பக்கத்தில் நாலு வரி வழிந்தாலும் பிள்ளைக்கு ஒரு தாள் கூடுகிறது. வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால் 40 தாள், அதோடு பின்னடிக்கும் கம்பியும். கடதாசி விற்கும் விலைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கும், வேர்ட், எக்செல் அடங்கிய ஆபீஸ் மென்பொருளின் 2016, 2019 பதிப்புகளுக்கும் மைக்ரோசொஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. பாடசாலை, தோட்ட ஆபீஸ், சங்கம், கடை என்று பல இடங்களில் இப்போது கணினி மாறுகிறது. மாறியதும் எழுகிற முறைப்பாடு எங்கும் ஒன்றுதான்: "பழைய வேர்ட் நல்லா இருந்துச்சு, இது சரிப்பட்டு வரல." பக்கத்தில் இருப்பவர் உடனே எந்தப் பட்டன் எங்கே போயிருக்கிறது என்று காட்டிக்கொடுப்பார். அந்த உதவியைக் குறை சொல்லவில்லை. ஆனால் பட்டன் இடம் மாறியது இரண்டு வாரத் தொல்லை. 2007இல் மெனுவைத் தூக்கிவிட்டு, மேலே பட்டன்கள் வரிசையாக நிற்கும் ரிப்பனைக் கொண்டுவந்தபோது போட்ட கூச்சல் நினைவிருக்கும், அதுவும் அடங்கித்தான் போனது. காணாமல் போன பட்டனைத் தேடுகிறோம், தேடினால் கிடைத்துவிடுகிறது. தொலைந்ததே தெரியாமல் தொலைகிற வேறு சில இருக்கின்றன. தவணை தவறாமல் கழுத்தறுப்பவை அவைதான்.

பத்து வருடம் ஒரே கணினியில் வேலை செய்தவருடைய வேர்டைத் திறந்து பார்த்தால் அதில் பாதிதான் கம்பனி செய்தது. மீதிப் பாதி அவர் செய்தது, அல்லது எப்போதோ கணினி திருத்த வந்த பையன் செய்தது. வரி இடைவெளியைக் குறைத்திருப்பார்கள், தானாக எழுத்தை மாற்றும் வசதியை அணைத்திருப்பார்கள், ஏ4 தாளை நிரந்தரமாக்கியிருப்பார்கள், திகதியை நாள்-மாதம் என்ற ஒழுங்குக்குக் கொண்டுவந்திருப்பார்கள். ஒன்றையும் யாரும் எழுதிவைக்கவில்லை. பழைய பெட்டி போகும்போது இந்தப் பாதியும் சத்தமில்லாமல் கூடவே போகிறது. "பழைய வேர்ட் நல்லா இருந்துச்சு" என்று சொல்லும்போது நாம் உண்மையில் தேடுவது இந்தப் பாதியைத்தான்.

எட்டுப் புள்ளி

அந்த வினாத்தாளுக்கே வருவோம். வேர்ட் 2003இல் புது ஆவணம் திறந்தால் டைம்ஸ் நியூ ரோமன் 12, ஒற்றை வரி இடைவெளி, பந்திக்குப் பின் இடைவெளி பூச்சியம். 2007இலும் 2010இலும் அது கலிப்ரி 11 ஆனது. வரி இடைவெளி 1.15, ஒவ்வொரு பந்திக்கும் பின்னால் 10 புள்ளி. 2013இலிருந்து 1.08, பின்னால் 8 புள்ளி. இப்போது வரும் மைக்ரோசொஃப்ட் 365இலும் ஆபீஸ் 2024இலும் எழுத்துரு ஆப்டொஸ், அளவு 12. பின்னால் அதே 8 புள்ளி.

புள்ளி என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. எட்டுப் புள்ளி மூன்று மில்லிமீற்றர்கூட இல்லை. நீண்ட பந்திகளாகக் கட்டுரை எழுதுபவருக்கு அது தெரியவே தெரியாது. வினாத்தாள் அப்படியில்லை. அதில் ஒவ்வொரு வரிக்கும் என்டர் தட்டுகிறோம், ஒவ்வொரு விடைக்கும் என்டர் தட்டுகிறோம். வேர்டின் கணக்கில் என்டர் தட்டிய ஒவ்வொன்றும் ஒரு பந்தி. நாற்பது வரிக்கு 320 புள்ளி, அதாவது 11 சென்ரிமீற்றருக்கு மேல் வெற்றிடம். ஏ4 தாளில் மேலும் கீழும் ஓர் அங்குலம் விட்டால் எழுதக் கிடைப்பது கிட்டத்தட்ட 24.6 சென்ரிமீற்றர். அதில் ஏறக்குறைய பாதி காற்றுக்குப் போகிறது. ஆங்கில வினாத்தாளை வைத்துக் கணக்குப் பார்த்தால், 2003இன் இயல்பான அமைப்பில் ஒரு பக்கத்துக்கு 50 வரி கொள்ளும். கலிப்ரி 11, 1.08, 8 புள்ளி என்ற அமைப்பில் என்டருக்கு என்டர் போனால் 31 வரிதான். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் கொம்புக்கும் சுழிக்கும் இடம்விட்டு வரியே உயரமாக அமைந்திருப்பதால் நிலைமை இன்னும் மோசம்.

இதில் ஆளைக் குழப்புகிற இடம் ஒன்று உண்டு. போன வருட வினாத்தாளைப் புது வேர்டில் திறந்தால் இரண்டு பக்கத்திலேயே அழகாக நிற்கும். வேர்ட் கோப்பு தன் அமைப்பைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது, ஆகவே பழைய கோப்புக்குப் பழைய இடைவெளி. "அப்ப வேர்ட்ல பிழையில்ல" என்று முடிவு கட்டிவிட்டு, அதிலிருந்து பத்துக் கேள்வியைக் கொப்பி பண்ணிப் புது ஆவணத்தில் ஒட்டுவோம். அந்தக் கணத்தில்தான் இடைவெளி புகுகிறது. இரண்டு ஆவணத்திலும் 'நோர்மல்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு அமைப்புகள் இருந்தால், ஒட்டப்படும் இடத்தின் அமைப்பையே எடுத்துக்கொள்வது வேர்டின் இயல்பு. கேள்விகள் பழையவை, அவற்றைச் சுற்றியுள்ள இடம் புதியது. கண்ணுக்கு முன்னால் ஒட்டியதுதான், ஆனாலும் கண்ணில் படாது. மூன்றாம் பக்கம் அச்சாகி வரும்போதுதான் தெரியும், அதற்குள் பழி கடைக்காரப் பையன் தலையில் விழுந்திருக்கும்.

இதை ஒருமுறை சரிசெய்தால் போதும். வெற்று ஆவணம் ஒன்றைத் திறந்து, 'ஹோம்' பட்டையில் ஸ்டைல்கள் இருக்கும் பகுதியில் 'நோர்மல்' மீது வலது கிளிக் செய்து 'மொடிஃபை' கொடுக்கவேண்டும். வரும் பெட்டியின் கீழ் மூலையில் 'ஃபோர்மட்', அதற்குள் 'பரகிராஃப்'. அங்கே 'ஆஃப்டர்' என்பதைப் பூச்சியமாக்கி, 'லைன் ஸ்பேசிங்' என்பதை 'சிங்கிள்' ஆக்கி ஓகே கொடுத்துவிட்டு, முதல் பெட்டிக்குத் திரும்பியதும் அடியில் இரண்டு வட்டங்கள் இருப்பதைக் கவனிக்கவேண்டும். 'ஒன்லி இன் திஸ் டொகியுமென்ட்' என்பதில் புள்ளி இருக்கும். அதை மாற்றி, இந்த டெம்ப்ளேட்டில் பிறக்கும் புது ஆவணங்களுக்கெல்லாம் என்று சொல்லும் இரண்டாவது வட்டத்தில் வைக்கவேண்டும். பலர் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இந்த வட்டத்தைத் தவறவிடுகிறார்கள். அதனால்தான் மறுநாள் காலையில் எட்டுப் புள்ளி திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு கணினியில் இரண்டு பேர் தனித்தனிக் கணக்கில் நுழைபவர்கள் என்றால் இரண்டு கணக்கிலும் தனித்தனியே செய்யவேண்டும்.

தாள் அளவையும் அதே கையோடு பார்த்துவிடுவது நல்லது. புதிதாக அமைத்த கணினியில் நாடு அமெரிக்கா என்று விட்டிருந்தால் தாள் 'லெட்டர்' ஆக வரும். அது ஏ4ஐ விட 18 மில்லிமீற்றர் குட்டை.

பாமினி

மலையகத்துப் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் கோவில் நோட்டீஸ்களிலும் இன்றும் ஓடுவது பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருதான். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யுனிகோட் வந்து எத்தனையோ காலமாகிறது, மாறவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம், விரல் மாறமாட்டேன் என்கிறது. அந்த விவாதம் இங்கே வேண்டாம். பாமினி ஒரு வேடம். கணினிக்கு உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. நம் கண்ணுக்குத்தான் அது தமிழ். வேர்டும் அதை ஆங்கிலம் என்றே நம்புகிறது, நம்பிக்கொண்டு 'திருத்த' வருகிறது.

பாமினியில் ஆங்கிலச் சிறிய எழுத்துக்கு ஒரு தமிழ் எழுத்து, அதன் பெரிய எழுத்துக்கு இன்னொன்று. 'த' தரும் விசையைப் பெரிய எழுத்தாக்கினால் 'து'. 'அ' தருவது 'ஆ' ஆகும். 'ம' தருவது 'மு' ஆகும். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி புது வேர்டில் இயல்பாகவே போட்டிருக்கும். ஆகவே முற்றுப்புள்ளிக்குப் பிறகு 'தமிழ்' என்று தட்டினால் 'துமிழ்' வரும், 'அம்மா' என்று தட்டினால் 'ஆம்மா' வரும். 'மலையகம்' என்று தொடங்கும் வாக்கியம் என்னவாகும் என்பதை நான் எழுதப் போவதில்லை. சங்கக் கடிதம் ஒன்று அப்படியே அனுப்பப்பட்டால் என்ன நடக்கும் என்பதையும் வாசிப்பவரின் ஊகத்துக்கே விடுகிறேன்.

பழைய கணினியில் இந்தத் தொல்லை இருந்ததில்லையே என்று தோன்றும். இருந்தது. 2003இலும் இதே வசதி போட்டபடிதான் வந்தது. யாரோ ஒருவர் முதல் வாரத்திலேயே அணைத்துவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான். இப்போது மறுபடி அணைக்க: 'ஃபைல்', 'ஒப்ஷன்ஸ்', 'ப்ரூஃபிங்', 'ஒட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ்'. அந்தப் பெட்டியின் மேற்பகுதியில் பெரிய எழுத்துப் பற்றிய ஐந்து சரிக்குறிகள் இருக்கும். வாக்கியத் தொடக்கம், அடுத்தடுத்து இரண்டு பெரிய எழுத்து, அட்டவணைக் கட்டத்தின் தொடக்கம், கிழமைப் பெயர், கப்ஸ் லொக் என்று ஐந்தையும் எடுத்துவிடலாம். கீழே, தட்டும்போதே சொல்லை மாற்றும் 'ரிப்ளேஸ் டெக்ஸ்ட்' குறியையும் எடுக்கவேண்டும். ஒன்றிரண்டை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தினால் பிழை குறையும், ஆனால் எங்கே வரும் என்று சொல்லமுடியாமல் வரும். அட்டவணைக் கட்டத்தில் மட்டும் முதல் எழுத்து மாறும் கதை இப்படித்தான்.

யுனிகோடுக்கு மாறியவர்களுக்கும் ஒரு சிறு அடி உண்டு. பழைய விண்டோஸில் தமிழ் என்றால் லதா எழுத்துரு. விண்டோஸ் 10இலிருந்து லதாவும் விஜயாவும் மேலதிக எழுத்துருக்களாகத் தனியே வைக்கப்பட்டுவிட்டன. எல்லாக் கணினியிலும் தானாக இருக்காது. லதாவில் செய்த சுற்றுநிருபம் நிர்மலா எழுத்துருவில் திறந்து வரி உடைந்து கிடப்பது இதனால்தான். விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் தமிழ் மேலதிக எழுத்துருவைத் தேடிச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு இணையம் வேண்டும். சிக்னல் எடுக்காத தோட்டத்துக்குக் கணினியை ஏற்றும் முன், டவுனிலேயே செய்துவிடுவது நல்லது. கடையில் அச்சடிக்கக் கொடுப்பதென்றால் எப்போதும் பீடிஎஃப் ஆக்கியே கொடுங்கள். எழுத்துரு, இடைவெளி என்ற தொல்லை கடை வாசலோடு நின்றுவிடும்.

செக்ரோல் மேசை

எக்செலில் பட்டன் தொல்லை குறைவு. 2003இல் ஆல்ட், இ, எஸ் என்று தட்டி 'பேஸ்ட் ஸ்பெஷல்' எடுத்துப் பழகிய கிளாக்கர் இன்றைக்கும் அதையே தட்டலாம், பழைய மெனு விசைகள் பல ரிப்பனுக்கு அடியில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இங்கே அடிபடுவது கோப்பு.

தோட்டத் தொழிலாளரின் நாள்வரவுப் பதிவான செக்ரோலையும் சம்பளத்தையும் எக்செலிலேயே வைத்திருக்கும் இடங்களில் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு ஒன்று இருக்கும். 31 நாளுக்கு 31 நிரல், முழுப்பேருக்கு (முழுநாள் வேலைக்கு) 1, அரைப்பேருக்கு 0.5, பிறகு கைக்காசு, முற்பணம், சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம், நிருவாகம் 12, நம்பிக்கை நிதிக்கு 3. இதை எல்லாருக்கும் சம்பளத்துண்டாகப் பிரித்து அடிக்க ஒரு மேக்ரோ, அதாவது ஒரு பட்டனைத் தட்டினால் பல வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு. புது எக்செல் இந்தக் கோப்பைத் திறக்கும். சேமிக்கும்போது புது வடிவத்துக்கு மாற்றலாமே என்று நாமே எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று தெரிவு செய்வோம். அந்த வடிவத்தில் மேக்ரோவுக்கு இடமே கிடையாது. ஒரு எச்சரிக்கை வரும், வாசிக்காமல் 'யெஸ்' கொடுத்தால் மேக்ரோ போய்விடும். கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை பட்டன் வேலை செய்வதுபோலவே தெரியும். மூடித் திறக்கும்போதுதான் வெறுங்கூடு. கடைசி எழுத்து எம் ஆக இருக்கும் எக்ஸ்எல்எஸ்எம் என்ற வடிவத்தைத்தான் எடுக்கவேண்டும்.

அதே கோப்பு வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வந்ததென்றால் மேலே சிவப்புப் பட்டை வந்து மேக்ரோவை மறித்துவிடும், அனுமதிக்கிற பட்டனே இருக்காது. 2022இலிருந்து இப்படித்தான். அனுப்பியவரை நமக்குத் தெரியும் என்றால் மட்டும், கோப்பை மூடி, அதன்மீது வலது கிளிக், 'ப்ரொபர்டீஸ்', அடியில் 'அன்புளொக்' என்ற குறி. பழைய மேக்ரோவில் காலண்டர் பெட்டி ஒன்று இருந்து அது வராவிட்டால் தேடி மினக்கெடவேண்டாம். அந்தக் காலண்டரை ஆபீஸ் 2010இலேயே எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது அடையாள அட்டை. பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும். அந்த எழுத்து இருப்பதால் எக்செல் அதைச் சொல்லாகவே பார்த்தது. 2016இலிருந்து வரும் புது அட்டையில் 12 எண், எழுத்தே கிடையாது. சாதாரணக் கட்டத்தில் 12 எண்ணைத் தட்டினால் 1.99 என்று தொடங்கி அடுக்குக்குறியோடு ஏதோ விஞ்ஞானக் கணக்காகக் காட்டும். எண் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது, அழித்துத் தட்டத் தேவையில்லை. ஆனால் பழைய அட்டையும் புது அட்டையும் கலந்த நிரலை ஒரே கடிதத்தை ஆளாளுக்கு விபரம் மாற்றி அடிக்கும் வேர்டின் மெயில் மேர்ஜுக்குக் கொடுத்தால் சிலருக்கு இலக்கம் வெற்றாக வரும், அல்லது பூச்சியமாக வரும். இணைக்கும் வழி முதல் எட்டு வரியைப் பார்த்து இந்த நிரல் எண்ணா சொல்லா என்று ஊகிக்கிறது. ஊகத்துக்குப் பொருந்தாததை விட்டுவிடுகிறது. நிரலை 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் மட்டும் ஏற்கெனவே தட்டிய எண்கள் மாறாது. நிரலைத் தெரிவுசெய்து, 'டேட்டா' பட்டையில் 'டெக்ஸ்ட் டு கொலம்ஸ்', மூன்றாம் படியில் 'டெக்ஸ்ட்' என்று கொடுத்து முடித்தால் எல்லாமே சொல்லாக மாறும். தொலைபேசி இலக்கத்தின் முதல் பூச்சியம் காணாமல் போவதும் இந்தக் குடும்பத்து நோய்தான். அதற்கு 365இல் மருந்து வந்திருக்கிறது: 'ஒப்ஷன்ஸ்' உள்ளே 'டேட்டா' பகுதியில், முன்பூச்சியத்தை நீக்கும் குறியை எடுத்துவிடலாம். புதிதை இவ்வளவு திட்டியபின் இதையும் சொல்லத்தானே வேண்டும்.

திகதி இன்னும் நாசூக்கானது. விண்டோஸில் நாடு அமெரிக்கா என்று இருந்தால் 05/04 என்று தட்டுவது ஏப்ரல் ஐந்து ஆகாது, மே நான்கு ஆகிவிடும், சத்தமே வராது. ஆனால் 14/04 என்று வருடத்தையும் சேர்த்துத் தட்டினால் பதினான்காம் மாதம் இல்லாததால் எக்செல் அதைத் திகதியாக ஏற்காது, வெறும் சொல்லாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒரே நிரலில் பாதி வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் நின்றால், இடப்பக்கத்தில் நிற்கும் சித்திரை வருடப்பிறப்பு தப்பித்தது, வலப்பக்கத்தில் ஒழுங்காக நிற்பவைதான் பிழை. கண்ணுக்கு நல்லதாகத் தெரிவதை நம்பினால் விடுமுறைச் சம்பளம் வேறு மாதத்துக்குப் போகும். நாட்டை விண்டோஸில் மாற்றினாலும் ஏற்கெனவே பிழையாகப் பதிந்தவை திரும்பாது, அவற்றைக் கையால்தான் திருத்தவேண்டும்.

பட்டியலில் தேடி விடை எடுக்கும் புது எக்செலின் எக்ஸ்லுக்அப் சூத்திரம் நல்ல கருவி, சந்தேகமில்லை. ஆனால் கோப்பு போய்ச் சேரும் இடத்தில் இருப்பது 2016 அல்லது 2019 என்றால் அதற்கு அந்தப் பெயரே தெரியாது. திறந்தவுடன் பழைய விடை தெரியும், ஒரு கட்டத்தைத் தொட்டு மறுபடி கணக்கிட்டதும் 'நேம்' என்ற பிழை பரவும். வெளியே போகும் கோப்பில் அதே வேலைக்குப் பழைய வீலுக்அப் போதும். பழைய சூத்திரங்களுக்கு நடுவே புதிதாக 'அட்' குறி (@) முளைத்திருந்தால் அதை அழிக்காதீர்கள். பழைய கணக்கு பழையபடியே வரவேண்டும் என்றுதான் எக்செல் அதைப் போடுகிறது.

பெட்டி போகும் முன்

பழைய கணினி 2007இலிருந்து மேலான ஆபீஸ் என்றால் நாம் செய்த பாதியில் கொஞ்சத்தைத் தூக்கிக்கொண்டு வரலாம். விண்டோஸ் விசையோடு ஆர் தட்டி, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று எழுதி என்டர் கொடுத்தால் ஒரு கோப்புறை திறக்கும்; அதில் மைக்ரோசொஃப்ட், அதற்குள் டெம்ப்ளேட்ஸ். அங்கே நோர்மல் என்ற பெயரில் இருப்பதுதான் இத்தனை வருடத்து வரி இடைவெளியும் எழுத்துருவும். வேர்டை மூடிவிட்டு அதைப் பென் டிரைவில் எடுத்து, புது கணினியில் அதே இடத்தில் வைக்கலாம். பழையது 2010 அல்லது அதற்கு மேல் என்றால், மேலே சின்னதாக நிற்கும் விரைவுப் பட்டையை 'ஒப்ஷன்ஸ்' வழியாக 'எக்ஸ்போர்ட்' செய்து கொண்டுவரலாம். ஒட்டோகரெக்ட் குறிகளையும் நாட்டையும் கையால்தான் வைக்கவேண்டும். பத்து நிமிட வேலை.

சேமிக்கும் இடத்தையும் மறக்கவேண்டாம். 365இல் கணக்கோடு நுழைந்ததும் கோப்பு இணையத்திலுள்ள சேமிப்பிடமான ஒன்டிரைவுக்குப் போகப் பார்க்கும். பள்ளத்தில் இருக்கும் ஆபீஸில் சிக்னல் விட்டுவிட்டு வந்தால் ஒரு கோப்பு இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாக இரண்டு பிரதியாகிவிடும். 'ஒப்ஷன்ஸ்', 'சேவ்' பகுதியில் 'சேவ் டு கொம்பியூட்டர் பை டிஃபோல்ட்' என்ற குறியைப் போட்டால் கணினியிலேயே நிற்கும். எஃப்12 தட்டினால் பழைய சேமிப்புப் பெட்டி அப்படியே வரும்.

பழைய பெட்டியை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இணையத்தைக் கழற்றிவிட்டு மேசைக்கு அடியில் வையுங்கள். இரண்டு மாதச் சம்பளத்தை, ஒரே செக்ரோலை வைத்து, இரண்டிலும் போட்டுப் பார்க்கவேண்டும். மொத்தத் தொகை மட்டும் ஒத்துப்போனால் போதாது, ஒருவருக்குக் கூடியது இன்னொருவருக்குக் குறைந்து கணக்கு நேராகிவிடலாம். ஆள் ஆளாக, சதம் சதமாகக் கழித்துப் பார்த்து, அந்த நிரல் முழுக்கப் பூச்சியமாக வந்த பிறகு பெட்டியைக் கொடுக்கலாம்.